செல்லாத நோட்டை ஓவியத்தில் ஒட்டலாமா?

கேள்வி: என் மாமியார் 1965-ல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். அப்போது கொண்டுவந்த தகரப்பெட்டியில் ஒரு கைலி, இரண்டு போட்டோ, செல்லாத 100 கியாட் (பர்மா பணம்) நோட்டு ஒன்று என்று பத்திரமாக வைத்திருக்கிறார். ஓவியம் படிக்கும் என் மகள் அதையெல்லாம் கேன்வாஸில் ஒட்டப் போகிறாளாம். கேட்டால் ‘மிக்ஸ்டு மீடியா’ என்கிறாள். இதெல்லாம் ஓவியமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: ஓவியம்தான், சந்தேகமே வேண்டாம். வண்ணத்தோடு துணி, காகிதம், பொருள் என்று கலந்து செய்வதைத்தான் ‘மிக்ஸ்டு மீடியா’ என்கிறார்கள். நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்து பிக்காசோ ஒரு படம் செய்தது 1912-ல்.

ஆனால் உங்கள் பதைப்பும் நியாயம்தான். அந்த நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 மே மாதம் பர்மாவில் நே வின்னின் ராணுவ அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. அதே வருஷம் கடைகளையும் அரசே எடுத்துக்கொள்ள, கையிலிருந்த காசும் வெறும் காகிதமாகிக் கப்பலேறி வந்தவர்கள்தான் உங்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். ஒன்றுக்கும் ஆகாது என்று தெரிந்தும் அதை அறுபது வருஷமாக மடித்து வைத்திருக்கிறாரே, அந்த மடிப்புக்கோடுதான் மகளுக்கு விஷயம். அது கலர் ஜெராக்ஸிலேயே அழகாக விழும் (செல்லாத நோட்டு, கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார்). பசை தடவிய அசலைத் திரும்பப் பிய்த்தெடுக்க முடியாது, அதனால் நகலை ஒட்டச் சொல்லுங்கள். நியூஸ்பேப்பர் ஒட்டுவதாக இருந்தால் அது சீக்கிரமே மஞ்சளாகிவிடும், தகரமோ ஆணியோ வைத்தால் நம் பக்கத்து உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். அந்தக் கறையே வேண்டும் என்றால் சரி, அது அவள் பாடு.

அப்புறம் ஒன்று. மகள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கவலையையும் எழுதியிருக்கிறீர்கள், பெட்டிக்குச் சொந்தக்காரர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லையே! யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரில் வீட்டை இழந்தவர்களிடம் அந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி வாங்கி, அதையே தன் படைப்பின் ஆதாரமாக வைத்தார். 2011-ல் அது புத்தகமாகவும் வந்தது. உங்கள் மகளும் பாட்டி கையில் ஒரு பென்சிலைக் கொடுக்கட்டும். ரங்கூன் வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம், கிணறோ குழாயோ எங்கே, கிளம்புகிற அன்று இந்தப் பெட்டி எந்த மூலையில் இருந்தது என்று கேட்கட்டும். கோடு கோணல்மாணலாக வந்தால் மகள் கை வைத்துத் திருத்தக் கூடாது.