'இன்ஷா அல்லாஹ்' என்றால் வருவார்களா, மாட்டார்களா?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து வந்து மூன்று மாதமாகப் பரங்கிப்பேட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தால் "இன்ஷா அல்லாஹ்" என்கிறார்கள். வருவார்களா என்பதே புரிவதில்லை. வணக்கம் சொன்னால் சிலர் பதில் வணக்கம் சொல்லாமல் நலம் விசாரிக்கிறார்கள். என்னைப் பிடிக்கவில்லையா?

பதில்: பிடிக்காதவரை நிறுத்தி யாரும் நலம் விசாரிப்பதில்லை, டீச்சர். தயக்கம் 'வணக்கம்' என்ற சொல்லில்தான். 'வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை' என்றுதான் தமிழ் முஸ்லிம்கள் இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவுக்குப் பொருள் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். அதே சொல்லை மனிதரிடம் சொல்லச் சிலருக்கு நா எழுவதில்லை. அதை வெறும் மரியாதைச் சொல்லாகக் கருதித் தாராளமாகச் சொல்லும் முஸ்லிம்களும் ஏராளம். நீங்கள் வழக்கம்போல் வணக்கம் சொல்லுங்கள். யாராவது ஸலாம் சொன்னால் "வ அலைக்கும் ஸலாம்" என்று பதில் சொல்லலாம். 'உங்கள் மீதும் சாந்தி உண்டாகட்டும்' என்பதே அதன் பொருள். கிடைத்த வாழ்த்தைவிட அழகாகவோ, குறைந்தது அதற்கு ஈடாகவோ திருப்பி வாழ்த்தச் சொல்கிறது குர்ஆன் (4:86).

இனி இன்ஷா அல்லாஹ். 'அல்லாஹ் நாடினால்' என்று பொருள். 'நாளை இதைச் செய்வேன்' என்று எதைப் பற்றியும் இதைச் சேர்க்காமல் சொல்லாதீர் என்பது நபிகளுக்கே வந்த கட்டளை (குர்ஆன் 18:23-24). கேள்வி கேட்டவர்களிடம் "நாளை சொல்கிறேன்" என்று நபிகள் இதைச் சேர்க்காமல் சொன்னதால் இறைச்செய்தி வரத் தாமதமானது என்று விரிவுரை நூல்கள் அதன் பின்னணியைச் சொல்கின்றன. நீங்கள் இருக்கும் பரங்கிப்பேட்டை வெள்ளாறு கடலில் கலக்கும் ஊர். கப்பலேறிச் சபர் (பயணம்) போனவர் என்றைக்குத் திரும்புவார் என யாரால் அடித்துச் சொல்ல முடியும்? அப்படிப்பட்ட ஊரில் இந்தச் சொல் எத்தனை ஆழமாக வேர்விட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே அது 'பார்க்கலாம்' அல்ல. 'வருகிறேன், என் கையை மீறி எதுவும் நடக்காவிட்டால்' என்பதே சரியான பொருள். வர மனமில்லாமலே தட்டிக்கழிக்க இதைச் சொல்பவர்களும் உண்டு. அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளபடியே வலிக்கிறது. வாக்கு மீறுவதை நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்றாக நபிகள் எண்ணிச் சொல்லியிருக்க, இறைவன் பெயரையே சாக்காக்குவது எப்படித் தகும்?

உறுதி வேண்டுமானால் அந்தச் சொல்லோடு உரையாடலை முடித்துவிடாதீர்கள். "காலை 10 மணிக்கா, மாலை 4 மணிக்கா? நீங்கள் வருகிறீர்களா, பிள்ளையின் உம்மா வருகிறாரா?" என்று உடனே கேளுங்கள். நேரம் சொல்லி மறுபடி இன்ஷா அல்லாஹ் என்றால் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். வரும் தந்தையரில் சிலர் கைகுலுக்காமல் நெஞ்சில் கைவைப்பார்கள். அந்நியப் பெண்ணைத் தொடக்கூடாது என்ற ஒழுங்கு அது, அவமதிப்பல்ல.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ என்ற கூட்டுத் தொழுகை நேரத்திலும், ரமலானில் நோன்பு திறக்கும் மாலையிலும் கூட்டத்தை வைத்தால், இன்ஷா அல்லாஹ் சொன்னவர்களில் பாதிப் பேரால் வர முடியாது.