வாசகர் கேள்வி – பதில்: கடலில் விழுந்த போனும் காலையில் விழும் ட்ரிப் சுவிட்சும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை திருகோணமலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, அனெக்ஸிலோ அறையிலோ தனியே இருப்பவர்களுடையவை. கேள்விகள் வேறுவேறு. கிளறிப் பார்த்தால் பாதிக்கு அடியில் உப்புத்தான் கிடக்கிறது.

கேள்வி: சனி பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில் முழங்கால் தண்ணியில் நின்று படம் எடுக்கும்போது போன் கடலுக்குள் விழுந்துவிட்டது. பத்து செக்கனில் எடுத்துவிட்டேன். பெட்டியில் ஐ.பி. 68 (தூசி, தண்ணி தாங்கும் தரக்குறி) என்று இருந்ததால் பெரிதாகப் பயப்படவில்லை. ஒரு நாள் முழுக்க அரிசிக்குள் வைத்தேன். போன் வேலை செய்கிறது, ஆனால் சார்ஜ் வயரைக் குத்தினால் "ஈரம் உள்ளது" என்று எச்சரிக்கை வருகிறது. வங்கி ஓ.டி.பி. எல்லாம் இந்த இலக்கத்துக்குத்தான் வரும். என்ன செய்ய?
— காப்புறுதி நிறுவன ஊழியை, ஓர்ஸ் ஹில்

பதில்: வயரைத் திரும்பத் திரும்பக் குத்திப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். ஈரம் காய்ந்தும் எச்சரிக்கை போகவில்லை என்றால், உள்ளே மிஞ்சியிருப்பது உப்பு. கடல்தண்ணியில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. தண்ணி ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி கசியும். அந்த நிலையில் சார்ஜ் மின்சாரம் பாய்ந்தால் பின்கள் பச்சையாக அரித்துப் போகும். அரிசிக்கு உப்பை எடுக்கும் சக்தி இல்லை. அதன் தூளும் குறுணலும் சார்ஜ் துவாரத்துக்குள் போய் அடைவதுதான் மிச்சம். அரிசியைச் சோறாக்குங்கள்.

ஐ.பி. 68 என்பது நல்லதண்ணியில், அசையாமல், புதுப் போனை வைத்துச் செய்த சோதனை. அலையடிக்கும் கடலுக்கு அது உத்தரவாதம் இல்லை. உள்ளே இருக்கும் பசையும் ரப்பரும் வருடங்கள் போகப் போகத் தளரும்.

இனி ஒழுங்காக. போன் இயங்குகிறது என்பதால், சார்ஜ் முடிவதற்குள் வைஃபையில் படங்களையும் தொடர்பு இலக்கங்களையும் இணையச் சேமிப்புக்கு ஏற்றிவிடுங்கள். பிறகு கமெராக் கண்ணாடியைப் பாருங்கள். உள்பக்கம் புகை படிந்த மாதிரி இருந்தாலோ, ஒலிபெருக்கி கரகரத்தாலோ தண்ணி உள்ளே போய்விட்டது. அப்படியானால், அல்லது முன்பு ஒருமுறை திரையோ பின்பக்கமோ மாற்றிய போன் என்றால், கழுவும் வேலை உங்களுக்கு இல்லை. நிறுத்திவிட்டு அன்றைக்கே திருத்துபவரிடம் கொடுங்கள்.

அந்த அறிகுறி எதுவும் இல்லையென்றால், போனை முழுதாக நிறுத்துங்கள். சிம் தட்டு மூடியே இருக்கட்டும், அதிலும் ரப்பர் வளையம் உண்டு. சார்ஜ் துவாரம் கீழே பார்க்கும்படி சரித்துப் பிடித்து, ஒரு கிளாஸ் நல்லதண்ணியை மெல்லிய தாரையாகத் துவாரத்தின் வாயில் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணி சவர் என்றால் போத்தல் தண்ணி. பைப்பின் வேகத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம். துவாரத்தைக் கீழே வைத்து உள்ளங்கையில் நாலைந்து தரம் மெதுவாகத் தட்டி, ஃபேன் காற்று படும்படி இரவு முழுக்க விடுங்கள். முடி காயவைக்கும் ட்ரையர், வெயில், ஊசி, பஞ்சுக் குச்சி எதுவும் வேண்டாம். சூடு பசையை இளக்கும், ஊசி பின்னை வளைக்கும். கடல்தண்ணி பட்டதை மறுபடி தண்ணியால் கழுவுவதா என்று கை தயங்கும். ஆனால் உப்பைக் கரைக்க வேறு வழி இல்லை. விழுந்த உடனேயே இதைச் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஓ.டி.பி. பற்றிக் கவலை வேண்டாம். இலக்கம் போனில் இல்லை, சிம்மில் இருக்கிறது. போன் காய்ந்தபின் சிம்மைத் துடைத்து வேறு போனில் போடுங்கள். குறுஞ்செய்தி அதில் வரும். வங்கிச் செயலியை மட்டும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும்.

திருத்தக் கொடுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுவீர்களா? உள்ளே இருக்கும் சுற்றுப்பலகையை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் கழுவுவீர்களா? "சும்மா ஹீட்டரில் காய வைத்தால் போதும்" என்று பதில் வந்தால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடை பாருங்கள். பின்பக்கம் உப்பிக்கொண்டு வந்தால் பற்றரி வீங்குகிறது. அதற்குப் பிறகு சார்ஜ் என்ற பேச்சே கூடாது.

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலைகளில் எங்கள் அனெக்ஸில் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. வீட்டுக்கார அன்ரி "நீ அயனையும் கேத்திலையும் ஒன்றாப் போடுறாய், அதுதான்" என்கிறார். நான் ஒன்றொன்றாகத்தான் போடுகிறேன். யார் சரி?
— பொறியியல் உதவியாளர், உப்புவெளி

பதில்: அன்ரி சொல்வது வேறு வருத்தம். பெட்டியைத் திறந்து எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சோதனைப் பொத்தான் உள்ள அகலமானதுதான் ட்ரிப் சுவிட்ச். பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஒல்லியானவை பிரேக்கர்கள். சுமை கூடினால் பிரேக்கர் விழும். கரண்ட் எங்கோ நிலத்துக்குக் கசிந்தால் ட்ரிப் விழும். போன மின்சாரத்துக்கும் திரும்பி வந்த மின்சாரத்துக்கும் இடையில் 30 மில்லிஅம்பியர் அளவு வித்தியாசம் வந்தாலே வீடுகளில் இருக்கும் வழக்கமான ட்ரிப் விழுந்துவிடும். உங்களுக்கு விழுவது அது என்றால், மழைக்கும் அதற்கும் உறவு இருக்கிறது.

கண்டுபிடிக்கும் வழி இது. வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. சுவர்ச் சுவிட்ச் வழக்கமாக ஒரு வயரைத்தான் வெட்டும். மற்ற வயர் நிலத்தோடு தொட்டிருந்தால், நிறுத்திய பொருளும் ட்ரிப்பை விழுத்தும். நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். இப்போது ட்ரிப்பைத் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாகக் குத்தி இயக்கிப் பாருங்கள். எதைப் போட விழுகிறதோ அதுதான் ஆள். அயன் வயர் பிடியோடு சேரும் இடம், ரைஸ் குக்கரில் சட்டிக்கு அடியில் வழிந்த கஞ்சி, கேத்தில் நிற்கும் தட்டில் சிந்திய தண்ணி – வழக்கமான சந்தேகநபர்கள் இவை. வாரக்கணக்கில் தொடாத குக்கரின் சூடாக்கும் கம்பியும் ஈரம் குடித்துக் கசியும்.

எல்லாம் கழற்றியும் நிற்கவில்லையா? பிரேக்கர்களை எல்லாம் இறக்கி, ட்ரிப்பைத் தூக்கி, ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றுங்கள். விழுத்தும் பிரேக்கர் எந்த லைனுக்குப் போகிறது என்று பாருங்கள். மழைக்குப் பிறகு விழுவதால் வெளி லைட், கேற் மணி, கிணற்று மோட்டர் ஆகிய மூன்றிலும்தான் சந்தேகம். கடற்கரைப் பக்கம் வெளிச்சுவர்ப் பெட்டிகளின் ஆணிகள் கறள் பிடித்து மூடி இறுகாது, மழை நேரே உள்ளே போகும். அந்த பிரேக்கரை இறக்கியபடியே விட்டு, எலெக்ரீசியனைக் கூப்பிடுங்கள். பிரேக்கர் எல்லாம் கீழே இருந்தும் ட்ரிப் நிற்காவிட்டாலும் அவர் வேலைதான். "கரைச்சல்" என்று ட்ரிப்பைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுக்கிறேன் என்பவரை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். உயிரைக் காப்பது அந்த ஒரு சுவிட்ச்தான்.

அன்ரி சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. 2000 வாற் கேத்தில் 230 வோல்ற்றில் சுமார் 8.7 அம்பியர் இழுக்கும், 1200 வாற் அயன் 5.2. இரண்டையும் ஒரே 13 அம்பியர் எக்ஸ்ரென்ஷனில் போட்டால் பிளக் சூடேறி உருகவும் கூடும். பழைய 5 அம்பியர் வட்டத்துளைச் சொக்கெற்றில் அடப்டர் போட்டுக் கேத்தில் கொதிக்க வைப்பது அதைவிட மோசம்.

கேள்வி: சோத்துப் பார்சல் பிரிக்கும்போது பருப்புக்கறி வெள்ளைச் சேர்ட்டில் பட்டுவிட்டது. கந்தோரிலேயே சவர்க்காரம் போட்டேன், மஞ்சள் இரத்தம் மாதிரிச் சிவந்து இன்னும் பயமாகிவிட்டது. சேர்ட் போச்சா?
— மாவட்டச் செயலகப் பயிலுநர்

பதில்: போகவில்லை. ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணிக்குச் சுண்ணாம்பு விட்டால் சிவப்பது ஞாபகம் இருக்கிறதா? அதே வேலைதான். சவர்க்காரமும் சுண்ணாம்பு போல் காரம். நன்றாக அலசியதும் மறுபடி மஞ்சளாகும்.

பருப்புக்கறியில் இரண்டு எதிரி: தேங்காய்ப்பால் எண்ணெய், மஞ்சள். எண்ணெயை முதலில் கழற்றாவிட்டால் மஞ்சளை அசைக்க முடியாது. பட்டவுடன் கரண்டி ஓரத்தால் வழித்தெடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் பரவும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, பத்து நிமிடம் கழித்து, துணியின் உள்பக்கத்திலிருந்து பச்சைத்தண்ணியை ஓடவிடுங்கள். வீட்டுக்குப் போய் வழமைபோல் தோய்த்து, ஈரத்தோடு கறை மேலே பார்க்கும்படி வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வெளிறுவது கண்ணுக்கே தெரியும். மிச்சம் இருந்தால் மறுநாளும் ஈரமாக்கிப் போடுங்கள். கறை முழுதாகப் போகும்வரை அயன் மட்டும் படக்கூடாது. சூட்டில் எண்ணெயும் நிறமும் நூலோடு ஒட்டிவிடும்.

சட்டைப் பையில் பேனை கசிந்ததையும் கேட்டிருக்கிறீர்கள். போல்பொயின்ற் மை என்றால் பார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற். கறைக்கு அடியில் ரிசுப் பேப்பர் மடித்து வைத்து, மேலிருந்து ஸ்பிரிற் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ரிசு நீலமானதும் மாற்றுங்கள். ஜெல் பேனை என்றால் நம்பிக்கை குறைவு.

கேள்வி: கேற் பூட்டுத் திறப்பு இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இரண்டு கிழமை நன்றாக இருந்தது, இப்போது முன்னையிலும் மோசம். நேற்றுத் திறப்பு பாதியில் முறிந்துவிட்டது.
— ஆசிரியை, ஆலஸ் தோட்டம்

பதில்: தேங்காய் எண்ணெய் தூசையும் உப்பையும் பிடித்துக் களியாகிவிடும். முறிந்த துண்டை எடுப்பதற்கு முன், திறப்புத் துவாரம் திறப்பைப் போடும் நிலையில் நேராக நிற்கிறதா பாருங்கள். சற்றே திரும்பி நின்றால் குட்டி ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால் நேராக்குங்கள்; திரும்பிய நிலையில் உள்ளே இருக்கும் ஊசிகள் துண்டை விடாது. பிறகு மெல்லிய இடுக்கி. சுப்பர் குளு பூசி இழுக்கும் யோசனை வந்தால் கைவிடுங்கள், பூட்டே ஒட்டிப்போகும்.

இனிமேல் பென்சில் கரியைச் சுரண்டித் திறப்பில் தடவி, நாலைந்து தரம் போட்டு எடுங்கள். களி பிடித்த பூட்டை முதலில் டபிள்யூ.டி. 40 ஸ்பிரே அடித்துக் கழுவி, காயவிட்டபின் கரி. ஒரு மேலதிகத் திறப்பு கந்தோர் இலாச்சியில் கிடக்கட்டும்.

கேள்வி: கடலுக்குக் கிட்ட வாடகைக்கு இருக்கிறேன். ஸ்கூட்டர் காலையில் "டிக் டிக்" என்றுவிட்டு நிற்கிறது. பற்றரி வாங்கி எட்டு மாதம்தான். புதிது வாங்கச் சொல்கிறார்கள்.
— ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்

பதில்: வாங்குவதற்கு முன் பற்றரி முனைகளைப் பாருங்கள். வெள்ளை, பச்சைப் பூவாகப் பூத்திருந்தால் பற்றரியைக் குற்றம் சொல்லாதீர்கள். முதலில் கழிவு (–) முனை, பிறகு கூட்டல் (+) முனை என்ற ஒழுங்கில் கழற்றுங்கள், பூட்டும்போது முதலில் கூட்டல், பிறகு கழிவு. ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்து, நல்லதண்ணியால் துடைத்து, காய்ந்தபின் இறுக்கிப் பூட்டி, மேலே வசலின் பூசுங்கள். கழிவு வயர் வண்டியின் உடம்போடு சேரும் ஆணியையும் இதேபோல் செய்யுங்கள். அதைத்தான் எல்லோரும் மறப்பது.

அதற்குப் பிறகு மல்ரிமீற்றர். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ற்றுக்குக் கிட்ட இருந்தால் பற்றரி நல்லம். 12க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வண்டி பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கவில்லை, புதுப் பற்றரியும் இதே கதிதான்.

வாடைக்காற்று கடலிலிருந்து வருவதால் அது வீசும் மாதங்களில் உப்பு கூடுதலாகப் படியும். கிழமைக்கு ஒருமுறை ஒரு வாளி நல்லதண்ணி ஊற்றிக் கழுவி, உடனே ஒரு சுற்று ஓடிக் காயவையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று கறள் இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

கேள்வி: கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தேத்தண்ணியில் செதில் மிதக்கிறது. உடம்புக்குக் கூடாதா?
— வாசகி, சீனன்குடா

பதில்: சுண்ணாம்புப் படிவுதான், நஞ்சு இல்லை. ஆனால் கேத்தில் கொதிக்க நேரம் எடுக்கும். வினாகிரியும் தண்ணியும் சரிபாதி, படிவு மூழ்கும் அளவுக்கு விட்டு ஒருமுறை கொதிக்க வைத்து, பிளக்கைக் கழற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். ஊற்றிவிட்டு, வெறும் தண்ணியை இரண்டு தரம் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். கொதிக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், புளித்த நெடி குசினி முழுக்க நிற்கும்.