ஒரே கிருமி, மருந்து மட்டும் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறேன். போன ஐப்பசியில் மீன்களுக்குச் சிவப்புப் புண் வந்தது. பரிசோதனையில் ‘ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா’ என்ற பாக்டீரியா என்றார்கள். மருந்து கலந்த தீவனத்தில் குணமாயிற்று. இந்த ஆண்டும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதே மருந்து கேட்கவில்லை. ஏன்?

பதில்: உங்களுக்குச் சொன்ன பெயர் தவறாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் அம்பை 16-உம் நெல்தான், கிச்சிலிச் சம்பாவும் நெல்தான். இரண்டுக்கும் ஒரே நாளில் யாரும் அறுவடை வைப்பதில்லை. ஹைட்ரோபிலாவும் அவ்வாறு பல திரிபுகள் அடங்கிய இனம். நெல்லுக்கு இல்லாத ஒரு வசதியும் அதற்கு உண்டு: பிளாஸ்மிட் எனப்படும் சிறு டிஎன்ஏ வளையங்களின் வழியாக அக்கம்பக்கத்துக் கிருமிகளிடமிருந்தும் மரபணுக்களை வாங்கிக்கொள்ளும், மருந்தை எதிர்க்கும் திறனும் பல வேளைகளில் இப்படித்தான் கைமாறுகிறது. கால்வாயில் வந்த புதுத் தண்ணீரோடோ, வாங்கி விட்ட குஞ்சுகளோடோ வேறொரு திரிபு உங்கள் குளத்துக்கு வந்திருக்கலாம். சென்ற ஆண்டு மருந்துக்குத் தப்பியதே பெருகியிருக்கவும் கூடும்.

இந்த இனத்துக்கு அளவுகோலாக வைத்திருக்கும் திரிபு மீனிலிருந்து எடுத்ததன்று, மீன்வாடை அடித்த பால் டப்பாவிலிருந்து கிடைத்தது என்பது வேடிக்கைதான். ஏறத்தாழ 47 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட அதன் மரபுத்தொகுதியை 2006-இல் வெளியிட்டார்கள். மாறாக, 2009-இல் அமெரிக்காவின் அலபாமாவில் கெளுத்திப் பண்ணைகளைச் சூறையாடியதும் இதே பெயருடைய கிருமிதான். அந்தக் கொடிய திரிபு, சீனக் கெண்டைகளில் கண்ட திரிபுக்கு நெருங்கிய உறவு என்பதை மரபணு ஒப்பீடு காட்டியது.

ஆகவே பெயரைக் கேட்பதோடு நிற்காமல், மருந்து உணர்திறன் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். கிருமியைப் பரப்பிய தட்டில் மருந்து தோய்த்த பொட்டளவு காகித வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் எந்த வில்லையைச் சுற்றி அகலமான தெளிந்த வட்டம் விழுந்திருக்கிறதோ அந்த மருந்தைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சோதனைக்குச் செத்து மிதக்கும் மீனைக் கொண்டுபோகாதீர்கள், அதில் அழுகல் கிருமிகள்தான் முந்திக்கொண்டு வளரும். உயிருள்ள நோயுற்ற மீன்கள் நாலைந்து வேண்டும், அவற்றின் சிறுநீரகத்திலிருந்து மாதிரி எடுப்பார்கள். குளத்து விரால்களிலும் ஆழ்ந்த புண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்: அபானோமைசிஸ் என்னும் பூஞ்சை போன்ற உயிரி முதலில் புண்ணாக்க, ஹைட்ரோபிலா பின்னால் வந்து குடியேறியிருக்கலாம், அப்போது பாக்டீரியா மருந்து எதைக் கொடுத்தாலும் முதலில் வந்த அந்த நோய் தீராது.