மாட்டைக் குறைக்கலாம், மண்ணை விற்க வேண்டாம்

கேள்வி: மணலியை அடுத்த இடையஞ்சாவடியில் 35 சென்ட் இடத்தில் நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். எனக்கு 62, அவருக்கு 68. இடம் 1989இல் அவர் பெயரில் வாங்கியது. தனியார் ஆலையில் வேலை பார்த்தவர், பி.எஃப். பென்ஷன் மாதம் 2,300 வருகிறது. இரண்டு மாடு, ஐந்து ஆடு, கொஞ்சம் கோழி, பத்து முருங்கை மரம் உண்டு. நாளைக்கு 6 லிட்டர் பால் ஊற்றுகிறோம், லிட்டர் 45 ரூபாய். ஒரு லிட்டர் வீட்டுக்கு. இரண்டு மாடும் ஒன்றாகக் கன்று போடுவதால் வருடத்தில் மூன்று மாதம் பால் கிடையாது. தீவனம், வைக்கோல் மாதம் 4,800. வீட்டுச் செலவு 9,000. வங்கியில் அவர் பெயரில் 12 லட்சம் டெபாசிட் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் லட்சத்துக்கு மாதம் 2,000 வட்டி தருகிறேன் என்கிறார். மகனோ, ‘இடத்தை விற்று அம்பத்தூரில் என் பெயரில் ஃபிளாட் வாங்கலாம், எங்களோடு வந்துவிடுங்கள்’ என்கிறான். மகளுக்கு இதில் விருப்பமில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, நீங்கள் கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதியதால்தான் என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. முதலில் மாட்டைப் பார்த்துவிடலாம்.

ஒன்பது மாதத்தில் பால் விற்று வருவது 72,900. பன்னிரண்டு மாதத் தீவனம் 57,600. மிச்சம் 15,300. வீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் பாலை அதே விலைக்குப் போட்டால் இன்னொரு 12,150. ஆக வருடத்துக்கு 27,450, மாதத்துக்கு ஏறக்குறைய 2,290 ரூபாய். டாக்டர், ஊசி, சினை ஊசி எதையும் நீங்கள் எழுதவில்லை. அதையும் கழித்தால் இன்னும் குறையும். இரண்டு மாடு என்றால் காலையிலும் மாலையிலும் சேர்த்து ஐந்து மணி நேர வேலையாவது இருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து ரூபாய். இது போட்ட பணத்துக்கு வந்த லாபம் இல்லை, உங்கள் முதுகுக்கும் முழங்காலுக்கும் கிடைக்கும் கூலி. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

அதற்காக இரண்டையும் விற்றுவிடச் சொல்லவில்லை. ஒன்றை விற்றுவிடுங்கள், இன்னொன்று இருக்கட்டும். வீட்டுக்குப் பால், செடிக்குச் சாணம், உங்களுக்கு ஒரு துணை. அதிலும் சினையாக இருக்கும்போது விற்றால் நல்ல விலை கிடைக்கும். முடியாமல் போன பிறகு அவசரத்தில் விற்றால் தரகர் சொன்னதுதான் விலை. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பக்கத்து மழையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 நவம்பரில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் மணலி புதுநகருக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அப்படி ஒரு ராத்திரியில் இரண்டு மாட்டையும் ஐந்து ஆட்டையும் மேட்டுக்கு ஓட்டிப் போவது 68 வயதுக்காரருக்கு ஆகிற வேலையா? வைத்துக்கொள்ளும் மாட்டுக்குக் காதில் அடையாள வில்லை போட்டு இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள். வில்லை தொலைந்தால் உடனே சொல்லி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும்.

ஆடு, கோழி, முருங்கை அப்படியே இருக்கட்டும். அவை கேட்கும் உழைப்பு குறைவு, கடையில் கொடுக்கும் காசை மிச்சப்படுத்துவது நிறைய.

சரி, பணத்துக்கு வருவோம். லட்சத்துக்கு மாதம் 2,000 என்பது வருடத்துக்கு 24 சதவீதம். நேர்மையான எந்த இடமும் உங்களுக்கு இவ்வளவு தராது. என் சித்தி தண்டையார்பேட்டையில் இருந்தவர். இதே மாதிரி வட்டிக்கு ஒருவரிடம் கொடுத்தார். எட்டு மாதம் ஒழுங்காக வட்டி வந்தது. அந்த நம்பிக்கையில் நகையையும் விற்றுக் கொடுத்தார். அப்புறம் வட்டியும் இல்லை, அசலும் இல்லை. தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

12 லட்சமும் ஒரே வங்கியில், ஒரே பெயரில் இருப்பதும் சரியில்லை. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, அதாவது வங்கி முடங்கினாலும் பணம் திரும்பக் கிடைக்கும் பாதுகாப்பு, உண்டு. டெபாசிட் முதிரும்போது 8 லட்சத்தை எடுத்து, தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உங்கள் பெயரில் 4, அவர் பெயரில் 4 என்று போடுங்கள். 60 வயது முடிந்த யாரும் சேரலாம். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு 8,200, இருவருக்கும் 16,400. நீங்கள் சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. நடுவில் முடித்தால் பிடித்தம் உண்டு, முதல் வருடத்துக்குள் எடுத்தால் வட்டியே கிடைக்காது. அதனால்தான் முழுப் பணத்தையும் அதில் போடச் சொல்லவில்லை.

மீதி 4 லட்சத்தை வங்கியிலேயே ஒரு லட்சம் ஒரு லட்சமாக நான்கு டெபாசிட்டாக, இருவர் பெயரிலும், இருவரில் யாரும் எடுக்கும்படி வையுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒன்றை உடைத்தால் போதும், மற்ற மூன்றும் அசையாது. ஆட்டை விற்றுச் சமாளிக்கலாம் என்று நினைப்பீர்கள். நடுராத்திரி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது ஆட்டுக்கு ஆள் தேட முடியாது.

பென்ஷனும் தபால் நிலைய வட்டியும் சேர்ந்தால் மாதம் 7,766. வங்கி வட்டியும் முட்டையும் ஆட்டுக்குட்டியும் சேர்த்தால் 9,000 வந்துவிடும். ஆனால் வீட்டுக்காரருக்குப் பிறகு அந்தப் பென்ஷன் உங்களுக்குப் பாதியாகிவிடும். உங்கள் பெயரில் தனியாக 4 லட்சம் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் விசாரியுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும். பென்ஷன், வட்டி எல்லாம் சேர்த்தால் நீங்கள் விளிம்பில் இருக்கிறீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி வருமானச் சான்று கேளுங்கள்.

இனி மகன் கேட்பது. அவர் அக்கறையோடுதான் கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் இடத்தை விற்று அவர் பெயரில் ஃபிளாட் வாங்கினால், மறுநாளிலிருந்து நீங்கள் இருவரும் அந்த வீட்டில் விருந்தாளிகள். வரியும் இருக்கிறது. கிராமத்து நிலத்துக்கு வரி இல்லை என்று ஊரில் சொல்வார்கள். இடையஞ்சாவடி 2011இலேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. சுற்றிலும் வயலும் ஏரியுமாக இருந்தாலும் வருமான வரிச் சட்டத்துக்கு அது நகரம்; விற்ற லாபத்துக்கு வரி உண்டு. 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம் என்பது ஓரளவு உதவும். வீடு வாங்கினால் கிடைக்கும் வரிச் சலுகை, மகன் பெயரில் வாங்கும்போது சிக்கலாகும்.

இடத்தை இப்போதே தன் பெயருக்கு எழுதிக்கொடு என்று மகன் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவு, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்த சொத்தைக் கவனிக்காதபோது ரத்து செய்ய வழி தருகிறது. பெற்ற பிள்ளைமேல் மனு எழுதும் நிலை உங்களுக்கு வரவே வேண்டாம்.

அதற்குப் பதில் வீட்டுக்காரர் ஓர் உயில் எழுதட்டும்: அவருக்குப் பிறகு நீங்கள், உங்களுக்குப் பிறகு மகனும் மகளும். இரண்டு சாட்சிக் கையெழுத்து அவசியம். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுச் சட்டப்படி உங்களுக்கும் இரு பிள்ளைகளுக்கும் சமபங்கு வரும். ஒருவர் விற்க நினைத்தாலே நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பிரச்சினை. மகனிடம் உயிலை மறைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து வீட்டுக்காரரே சொல்லட்டும். பத்திரத்தையும் பட்டாவையும் நகலெடுத்து ஒரு பிரதியை மகளிடம் கொடுங்கள். அசலைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, மழைக்காலத்துக்கு முன் பரணில் ஏற்றிவிடுங்கள்.