'பாதி தவணை நான் கட்டுகிறேன்' என்கிறாரே, நம்பலாமா?

கேள்வி: பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனு போடப்போகிறோம். சரவணம்பட்டி ஃபிளாட் இருவர் பெயரிலும் இருக்கிறது. கடன் பாக்கி 17.5 லட்சம், மாதத் தவணை 19,400. "வீட்டை நீயே வைத்துக்கொள், பாதி தவணை நான் கட்டுகிறேன், பெயர் மாற்றத்தை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் கணவர். என் சம்பளம் 41,000. ஆறாவது படிக்கும் மகள் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?
- ஆர்., கோவை

பதில்: அந்த 'அப்புறம்' வேண்டாம் அம்மா.

வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தபோது, ஒரு பெண் மஞ்சப்பையிலிருந்து கோர்ட் உத்தரவை எடுத்து, 'தவணையைக் கணவர் கட்டுவார்' என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினார். அவர் கட்டவில்லை. அது உங்கள் இருவருக்குள் உள்ள ஏற்பாடு, கடன் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து இருப்பதால் வங்கி இருவரிடமும் கேட்கும் என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் அவருடைய சிபில் மதிப்பெண் சரிந்ததில் மகனுடைய கல்விக் கடனும் நின்றுபோயிருந்தது. அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். முழுத் தவணையும் பராமரிப்புக் கட்டணமும் போனால் கையில் சுமார் 19,000 நிற்கும். அதில் ஸ்கூல் ஃபீஸ், மளிகை, பெட்ரோல் எல்லாம் அடங்க வேண்டும். மூச்சு முட்டும். வங்கி சம்மதித்து 20 வருடமாக நீட்டினால், 8.5 சதவீத வட்டியில் தவணை 15,200 அளவுக்கு இறங்கும். மொத்த வட்டி கூடும்தான். ஆனாலும் இந்த வருடங்களில் மாதச் செலவைச் சமாளிப்பதுதான் முக்கியம். உங்கள் சம்பளத்துக்கு மட்டும் அந்தக் கடனைத் தருவார்களா என்று இந்த வாரமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தருவார்கள் என்றால், ஜீவனாம்சத்துக்குப் பதிலாக அவர் பங்கை உங்களுக்கு விடுவதாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்தில் கோர்ட்டில் இரண்டு விசாரணை உண்டு; அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் இரண்டாவது விசாரணைக்கு முன்பே பதிவாக வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்போதே எழுதினால், முத்திரைத்தாள் கட்டணத்தில் குடும்பத்தினருக்கான சலுகையும் உண்டு. மூலப்பத்திரம் வங்கியில் இருப்பதால் அவர்களுடைய தடையில்லாக் கடிதம் வேண்டும். கடனிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள் என்பதும் எழுத்தில் வரட்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, பத்திரம் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கமாக இரண்டு விசாரணைக்கும் நடுவே ஆறு மாதம் இருக்கும். உச்ச நீதிமன்றம் 2017-இல் அதைத் தளர்த்தலாம் என்று சொன்னது. நீங்கள் அவசரப்பட வேண்டாம், அந்த ஆறு மாதம் உங்களுக்குத் தேவை. அதுவரை யார் சொன்னாலும் வீட்டைக் காலி செய்யாதீர்கள். அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

வங்கி மறுத்தால் விற்றுவிடுங்கள். கடனை அடைத்து மீதியைப் பிரித்துக்கொண்டு, அதே பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை வீடு பாருங்கள். மகளையும் கூடவே கூட்டிப்போய், எந்த ஜன்னல் பக்கம் அவள் மேஜை என்று அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.