ஈஸ்டர் ஏன் ஆண்டுதோறும் வேறு தேதியில் வருகிறது? சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

"கிறிஸ்துமஸ் மட்டும் எப்பவும் டிசம்பர் 25, ஈஸ்டர் ஏன் மாறுது?" என்று பிள்ளை கேட்டால் நிலாவைக் காட்டுங்கள். மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. (திருச்சபை அந்தப் பௌர்ணமியை வானம் பார்த்து அல்ல, அட்டவணை வைத்துக் கணக்கிடுகிறது. சரி, அது பெரியவர்களுக்கு.)

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, தூங்கப் போகும் முன் பிள்ளையோடு வெளியே போய் நிலாவைப் பாருங்கள். பிறை மெல்ல மெல்ல வட்டமாகும். அப்புறம், "இனி வர்ற ஞாயிறு ஈஸ்டர்!" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நாட்காட்டியை விட நிலாவைத்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள்.