துக்க வீட்டில் ‘போயிட்டு வரேன்’ சொல்லிவிட்டேன்!

கேள்வி: என் வயது 31. மூன்று மாதங்களுக்கு முன்பு தோழியின் மாமனார் தவறிவிட்டார். துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் தோழியின் மாமியாரிடம் ‘போயிட்டு வரேம்மா’ என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். இரவில் படுத்தால் அந்தப் பார்வைதான் வருகிறது. இன்னொன்று, டிவி காமெடியில் யாராவது பொய் சொல்லி மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். தோழியிடம் இப்போது மன்னிப்பு கேட்கலாமா? எனக்கு ஏதாவது பிரச்சினையா?
- வாசகி, ஈரோடு

உளவியல் ஆலோசகர் பதில்: முதலில் தோழி விஷயம். இதற்கென்று போன் போட்டு மன்னிப்பு கேட்காதீர்கள். நீங்கள் சொன்னது அவர் காதில் விழாமலே போயிருக்கலாம். இப்போது நீங்களே ஞாபகப்படுத்தினால், ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா’ என்று உங்களைத் தேற்றுகிற வேலையும் அவர் தலையில்தான் விழும். மாமியார் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று விசாரிக்கப் போன் செய்யுங்கள். அது வேறு.

நாம் செய்கிற அசட்டுத்தனம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று தோன்றுவதற்கு ‘ஸ்பாட்லைட் எஃபெக்ட்’ என்று பெயர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் இதைச் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். பேரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது மானம் போகிற சட்டை. அறையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிக்கும் சற்றுக் குறைவு.

சரி, அந்தப் பெரியம்மா பார்த்துவிட்டாரே என்பீர்கள். பார்த்திருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அப்போது நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தால், அதையும்தான் பார்த்திருப்பார். 1982இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கடையில் அடுக்கியிருந்த காகிதச் சுருள்களைத் தட்டிவிடும் காட்சியைக் காட்டினார்கள். கூச்சத்தில் நெளிந்தவரைத்தான், ஒன்றும் நடக்காதது போல நின்றவரைவிடப் பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது. முறை தெரிந்தவர்தான் முறை தவறும்போது கூசுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். நானே ஒரு கல்யாண வரவேற்பில் மேடையேறி மணமக்களுக்கு ‘மெனி மோர் ஹாப்பி ரிட்டர்ன்ஸ்’ சொன்னவன். மாப்பிள்ளை ‘தேங்க்யூ சார்’ என்றார். வீடியோக்காரர் மட்டும் சிரித்தார்.

அடுத்த முறை வாய் தவறினால் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால்தான் சின்ன சங்கடம் பெரிதாகும்.

இரவில் அந்தக் காட்சி வரும்போது அதை விரட்டாதீர்கள், விரட்ட விரட்ட வரும். அதற்குப் பதிலாக இடம் மாறி உட்காருங்கள். அந்தப் பெரியம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள். காலையிலிருந்து ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். இடுப்பு வலிக்கிறது. யாரோ ஒரு பெண் அழுத முகத்தோடு எழுந்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள். இந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் காட்சி அவ்வளவுதான். பத்து நாள் இப்படிச் செய்து பாருங்கள், அதன் கூர்மை குறையும்.

பயத்தில் விசேஷங்களுக்கும் துக்கத்துக்கும் போவதையே தவிர்க்கிறீர்கள், ஆறு மாதமாக இதே நிலைதான் என்றால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416இல் இலவசமாகப் பேசலாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த அளவுக்குத் தெரியவில்லை.

டிவி விஷயம் நோயே அல்ல. அடுத்தவர் மானம் போகும்போது நாம் கூசுவதற்கு ஜெர்மன் மொழியில் ‘ஃப்ரெம்ட்ஷேமன்’ என்று தனிச்சொல்லே உண்டு. நம் பிள்ளைகள் ‘க்ரிஞ்ச்’ என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்தவர் வலியைப் பார்க்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளே இந்தக் கூச்சத்திலும் இயங்குவதை ஜெர்மனியில் சோரன் கிராக் குழுவினர் 2011இல் காட்டினார்கள். மாட்டிக்கொண்டவருக்கே தான் மாட்டிக்கொண்டது தெரியாவிட்டாலும், பார்ப்பவருக்கு வலிக்கிறது!

இந்த வலியை நம்பியே எடுக்கப்பட்ட தொடர்களும் உண்டு. 2001இல் பிபிசியில் வந்த ‘தி ஆஃபீஸ்’ தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. மேலாளர் ஒரு மட்டமான ஜோக் அடிப்பார், யாரும் சிரிக்க மாட்டார்கள், கேமரா அந்த மௌனத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். நம் படங்களில் அப்படி விடமாட்டார்கள். ஒருவன் அசடு வழிந்த மறு விநாடியே பக்கத்தில் நிற்பவர் ஒரு கவுண்ட்டர் போட்டு நம்மைக் காப்பாற்றிவிடுவார். அந்தக் கவுண்ட்டர் வரும்வரை தாக்குப்பிடிக்க முடியுமா என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

முடியாவிட்டால் எழுந்து போங்கள், தப்பில்லை. ஆனால் போன கையோடு எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவராதீர்கள். அப்புறம் காமெடி சீன் வந்தாலே உங்களை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.